எதை என்பது முதலில்: பூட்லோடர் கட்டளைகள் பற்றிச் சில குறிப்புகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறை. மின்னணு போர்டுகளைச் சோதித்துப் பெட்டியில் அடைக்கும் இடம். சோதனை மேசையில் வேலை பார்க்கும் அக்கா ஒரு நாள் சாயங்காலம் 11 போர்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “சார், காலையிலேர்ந்து சரியாத்தான் இருந்துச்சு. இப்ப எல்லாமே தப்புத் தப்பா அளவு காட்டுது.”

சீரியல் கேபிளைச் செருகி, அவர் தட்டியவற்றைத் திரையில் மேலே தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு போர்டிலும் ஒரே சொல்: ‘கிளீன்’. போர்டில் இருக்கும் யூ-பூட் என்ற பூட்லோடரில் அந்தக் கட்டளையைச் சேர்த்தவன் நான். சோதனைப் பதிவுகளை அழிப்பதற்காகச் சேர்த்தது. பதிவுகள் இருந்த அதே ஃபிளாஷ் பகுதியில்தான் அளவுத்திருத்த எண்களும் இருந்தன. இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. திரை முழுக்க எழுத்தாக நிறைந்துவிட்டதே, துடைப்போம் என்றுதான் அக்கா ‘கிளீன்’ என்று தட்டியிருக்கிறார். “சுத்தம் பண்றதுக்குத்தானே சார் அந்த வார்த்தை?”

அவர் கேட்டது நியாயம். திரையைத் துடைக்க ‘சிஎல்எஸ்’ என்று ஒன்று இருக்கிறது; அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர். பெயர் வைத்தவன்தான் தவறினான். அன்று இரவிலிருந்து எழுதி வருபவை இந்தக் குறிப்புகள்.

*

பூட்லோடர் என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களிடம் துபாஷியைச் சொல்லித்தான் விளக்குகிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ரங்கப்பிள்ளை வீதி தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். பிரெஞ்சுக்காரர்களின் பெயர்களையும் பதவிகளையும் தயங்காமல் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போனவர். இரு பக்கத்து மொழியும் தெரிந்த ஒருவர் நடுவில் இல்லாமல் எந்த வியாபாரமும் நடக்காத காலம் அது.

மின்சாரம் வந்த கணத்தில் சில்லும் அப்படித்தான் நிற்கிறது. வெளியே இருக்கும் நினைவகத்தை எழுப்ப அதற்குத் தெரியாது. இயங்குதளத்தின் கருவான கர்னல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும் தெரியாது. பூட்லோடர் நினைவகத்தைத் தயார் செய்து, கர்னலை எடுத்து வந்து வைத்து, வன்பொருளின் விவரப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. 64 பிட் ஆர்ம் சில்லில் அந்தக் கைமாற்றம் மிகச் சுருக்கமானது: எக்ஸ்0 என்ற பதிவகத்தில் டிவைஸ் ட்ரீ என்ற அந்தப் பட்டியலின் முகவரி, அடுத்த மூன்று பதிவகங்களில் சுழியம், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக நடந்தால் இந்தத் துபாஷியிடம் யாரும் பேசுவதில்லை. ஏதோ ஒன்று கெட்டுப்போன நேரத்தில்தான் மனிதர்கள் அதன் பிராம்ப்ட்டுக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். உதவிக்கு வலைத்தளம் இல்லை, சுட்டி இல்லை, பல சமயம் சரியான விசைப்பலகைகூட இல்லை. பூட்லோடர் கட்டளைக்குப் பெயர் வைப்பவர் இந்த மனிதரை மனதில் வைத்துக்கொண்டே வைக்க வேண்டும்.

*

யூ-பூட்டின் பெயர் வரலாறே ஒரு பாடம். மேக்னஸ் டாம் எழுதிய 8எக்ஸ்எக்ஸ்ரோம் என்ற நிரலிலிருந்து தொடங்கியது. 1999-ல் வுல்ஃப்காங் டெங்க் அதைச் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுபோனார். எண்ணில் தொடங்கும் பெயரை அந்தத் தளம் ஏற்கவில்லை என்பதால் பிபிசிபூட் ஆயிற்று. பவர்பிசி சில்லுக்கான பூட் என்று பொருள். பிறகு ஆர்ம் சில்லுகளும் சேர்ந்தன. பெயர் பொருந்தாமல் போனது. 2002-ல் யூ-பூட் என்று மாறியது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்று பொருள்.

முதல் இரண்டு பெயர்களிலும் ஒரு குறிப்பிட்ட சில்லு இருந்தது. சில்லு மாறியதும் பெயர் பொய்யாகிவிட்டது. இன்று உங்கள் கட்டளைப் பெயரில் ஒரு வன்பொருளின் பெயரைச் செருகினால், நாளை வேறொரு வன்பொருளில் அதே கட்டளை ஓடும்போது பெயர் பொய் சொல்லும். 2022-ல் டெங்க் மறைந்தார். அவர் கடைசியாக வைத்த பெயர் இருபது ஆண்டு தாங்கிவிட்டது, இன்னும் தாங்கும்.

*

யூ-பூட் பிராம்ப்ட்டில் 100 என்று எழுதினால் அது 256. ஏறக்குறைய எல்லா எண்ணும் பதினாறடிமான எண். முன்னால் சுழியம்-எக்ஸ் போட வேண்டியதில்லை, போடாவிட்டாலும் பதினாறடிமானம்தான். புதிதாக வருபவர் 16 பைட் பார்க்க நினைத்து 16 என்று எழுதி 22 பைட் பார்க்கிறார். பார்ப்பதில் இழப்பில்லை. அழிக்கும்போது?

‘ஸ்லீப்’ கட்டளையோ பதின்ம எண்ணை எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்புகளில் அதன் உதவிக்குறிப்பில் அந்தச் செய்திக்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறிகள் இருந்தன. எழுதியவருக்கே அந்த விதிவிலக்கு உறுத்தியிருக்கிறது.

இதைவிடச் சிக்கலானது அளவின் அலகு. நினைவகத்துக்குள் நகலெடுக்கும் ‘சிபி’ சொற்களை எண்ணும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு சொல்லுக்கு 4 பைட். ‘எம்எம்சி ரீட்’ கட்டங்களை எண்ணும். வழக்கமாக ஒரு கட்டத்துக்கு 512 பைட். ‘எஸ்எஃப் ரீட்’, ‘நாண்ட் ரீட்’ இரண்டும் பைட்டை எண்ணும். நான்கு கட்டளை, மூன்று அலகு, கடைசி இடத்தில் ஒரே மாதிரி ஓர் எண். காய்கறிக் கடையில் ஒரு தட்டில் கிலோ, இன்னொன்றில் வீசை, மூன்றாவதில் கூறு என்று வைத்துவிட்டு எல்லாவற்றையும் “ரெண்டு” என்று மட்டும் கேட்கச் சொல்வதைப் போல.

பட்டறையின் சோதனை மேசையில் இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம். கட்டளையின் பெயர், பக்கத்தில் அதன் அலகு, அதற்கடுத்து தமிழில் ஒரு வரி. பெயர் சொல்லத் தவறியதை அட்டை சொல்கிறது.

*

‘பூட்எம்’, ‘பூட்இசட்’, ‘பூட்ஐ’. மூன்றும் கர்னலைத் தொடங்குபவை. முதலாவது யூ-பூட்டுக்கென்று தலைப்பு சேர்த்துக் கட்டிய படிமத்துக்கு. இரண்டாவது இசட்இமேஜ் வகைக்கு. மூன்றாவது 64 பிட் ஆர்ம் சில்லின் இமேஜ் கோப்புக்கு. கடைசி எழுத்து மாறினால் போதும், பிழைச்செய்தி வந்து நிற்கும்.

இங்கே என் கருத்து மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரே ‘பூட்’ போதும், கோப்பைப் பார்த்து அதுவே தெரிந்துகொள்ளட்டும் என்று வாதிட்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தவறான கோப்பை ஏற்றிவிட்டவருக்கு, “இந்தக் கட்டளைக்கு இந்த வடிவம் பொருந்தாது” என்ற செய்தி பெரிய உதவி. கோப்பும் கட்டளையும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. பெயர்தான் இன்னும் கொஞ்சம் வாய் திறந்து பேசியிருக்கலாம். ‘எம்’ என்பது மெமரி என்றும், ‘இசட்’ என்பது கோப்பு வடிவத்தின் முதலெழுத்து என்றும் யாராவது சொன்னால்தான் தெரிகிறது. ஒன்று இடத்தைச் சொல்கிறது, மற்றொன்று வகையைச் சொல்கிறது. ஒரே குடும்பத்துப் பெயர்கள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டளைகளில் ஒரு சிறுகோடும் வரும். முதலில் கர்னலின் முகவரி, பிறகு தொடக்க ராம்டிஸ்கின் முகவரி, மூன்றாவதாக டிவைஸ் ட்ரீயின் முகவரி. ராம்டிஸ்க் இல்லாவிட்டால் நடுவில் ஒரு சிறுகோடு போட வேண்டும். அதை விட்டுவிட்டால் டிவைஸ் ட்ரீயை ராம்டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான் அதிகமாகத் திருத்தியது இந்தச் சிறுகோட்டைத்தான்.

*

‘கிளீன்’ என்பதற்குப் பதிலாக என்ன பெயர் வைப்பது? பட்டறையில் நான்கு நாள் இதே பேச்சு. என்னோடு வேலை செய்யும் பெண் காரைக்காலிலிருந்து வந்தவள். அளவுத்திருத்த எண்களை அழிக்கும் கட்டளைக்கு நான் ‘இரேஸ் கேலிப்’ என்றேன். அவள் ‘கேலிப் இரேஸ்’ என்றாள். நான் ஆங்கில வழக்கத்தைச் சொன்னேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

“அண்ணா, அழின்னு ஆரம்பிச்சா கை அழிக்கிறதுக்குத் தயாராயிடுது. எதைங்கிறதை அவசரத்துல போட்டு முடிச்சிடுறோம். எதைங்கிறதை முதல்ல எழுதிட்டா, அடுத்த வார்த்தைக்கு முன்னாடி ஒரு நொடி கிடைக்குதுல்ல? நம்ம பேசுறதே அப்படித்தானே?”

ஆமாம். கதவைச் சாத்து, சோற்றைப் போடு, விளக்கை அணை. தமிழில் பொருள் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். வாக்கியம் முடிகிற கணத்தில்தான் செயல் நிகழ்கிறது.

யூ-பூட்டைத் திரும்பப் பார்த்தேன். அங்கே இரண்டு வரிசையும் இருக்கின்றன. பழைய ‘செட்என்வ்’, ‘பிரிண்ட்என்வ்’, ‘சேவ்என்வ்’ மூன்றும் வினையில் தொடங்குபவை. பின்னால் வந்த ‘என்வ் செட்’, ‘என்வ் பிரிண்ட்’, ‘என்வ் சேவ்’ பொருளில் தொடங்குபவை. ‘எம்எம்சி ரீட்’, ‘யூஎஸ்பி ஸ்டார்ட்’, ‘எஸ்எஃப் இரேஸ்’ எல்லாமே பொருள் முன்னால், வினை பின்னால். சூழல் மாறிகளைச் சேமி, நினைவட்டையைப் படி, ஃபிளாஷை அழி என்று அப்படியே தமிழில் வாசிக்கலாம்.

இதில் இன்னொரு வசதி உண்டு. ‘ஹெல்ப் என்வ்’ என்று தட்டினால் அந்தப் பொருளின்மேல் செய்யக்கூடிய எல்லாச் செயல்களும் ஒரே இடத்தில் வரிசையாக வந்து நிற்கும். வினையில் தொடங்கும் பெயர்கள் அகரவரிசைப் பட்டியலில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சிதறிக் கிடக்கும்.

*

அவளோடு ஒத்துப்போகாத இடமும் உண்டு. எல்லாக் கட்டளையும் நீளமாக, தெளிவாக இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். நினைவகத்தைப் பார்க்கும் ‘எம்டி’யை ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டுகிறோம். பார்ப்பதற்கு இரண்டெழுத்து போதும். அழிப்பதற்கு இரண்டு சொல் வேண்டும். இந்த விதியில் இருவரும் வந்து நின்றோம்.

விதிக்கு முன்னால் யூ-பூட்டும் தப்பவில்லை. ‘எம்டி’ பார்க்கும், ‘எம்டபிள்யூ’ எழுதும். நடுவில் வித்தியாசம் ஓர் எழுத்து.

*

நாண்ட் ஃபிளாஷுக்கு ஒரு காலத்தில் ‘நாண்ட் இரேஸ்’ என்று மட்டும் தட்டினால் முழுச் சில்லும் அழிந்துவிடும். இடமும் அளவும் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் அழியும். ஆபத்து புரிகிறதா? ஸ்கிரிப்ட்டில் இடத்தையும் அளவையும் மாறிகளில் வைத்திருக்கிறோம். மாறிகள் காலியாக இருந்தால் அங்கே ஒன்றுமே வராது. எதையும் குறிப்பிடாமல் விட்டால் எல்லாம் என்று பொருள். ஆகவே எல்லாம் போகும்.

பின்னால் திருத்தினார்கள். முழுச் சில்லையும் அழிக்க ‘நாண்ட் இரேஸ் புள்ளி சிப்’ என்று எழுத வேண்டும். ஒரு பிரிவை மட்டும் அழிக்க ‘புள்ளி பார்ட்’. வெறும் ‘நாண்ட் இரேஸ்’ இடமும் அளவும் இல்லாமல் நகராது. கட்டளை வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் திருத்தம் இது. மௌனத்துக்கு “எல்லாம்” என்று பொருள் கொள்ளக் கூடாது. மௌனத்துக்கு “ஒன்றும் வேண்டாம்” என்றே பொருள் கொள்ள வேண்டும்.

‘நாண்ட் ஸ்கிரப்’ இன்னும் கடுமையானது. ஆலையிலேயே கெட்ட கட்டம் என்று போட்ட அடையாளங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். அது கேள்வி கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கும். என் ‘கிளீன்’ ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

*

கிரப் என்ற இன்னொரு பூட்லோடரில் ‘ரூட்’ என்ற ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணினேன். கிரப் தன் கோப்புகளைத் தேடும் பகிர்வு ஒன்று. கர்னலுக்குச் சொல்லும் வேர்க் கோப்பமைப்பு இரண்டு. லினக்ஸின் தலைமைப் பயனர் மூன்று. அந்தப் பயனரின் வீட்டு அடைவு நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் சாய்கோட்டு அடைவு ஐந்து. முதல் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும். இரண்டும் வேறு வேறு பகிர்வாக இருக்கலாம். பூட் அடைவைத் தனிப் பகிர்வில் வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

எண்ணும் முறையும் அப்படியே. பழைய கிரப்பில் வட்டும் 0-விலிருந்து, பகிர்வும் 0-விலிருந்து. கிரப் 2-ல் வட்டு 0-விலிருந்து, பகிர்வு 1-லிருந்து. லினக்ஸ் பகிர்வை 1-லிருந்து எண்ணுவதால் அதோடு ஒத்துப்போகச் செய்த மாற்றம், காரணம் நல்லதுதான். ஆனால் 2009 அக்டோபரில் உபுண்டு 9.10 கிரப் 2-க்கு மாறியபோது, பழைய முறையை மனப்பாடம் செய்திருந்த ஒரு தலைமுறையே பக்கத்துப் பகிர்வைத் தட்டியது. ‘கர்னல்’ என்ற கட்டளை ‘லினக்ஸ்’ ஆயிற்று. ‘செட்டப்’ போயே போயிற்று.

‘கர்னல்’ போய் ‘லினக்ஸ்’ வந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எந்த முறையில் எதை ஏற்றுகிறோம் என்பதைப் பெயரே சொல்கிறது. பழைய பெயரைத் தட்டியவருக்குப் புதிய பெயரைச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

*

சொல்தா வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் தாத்தா. பேரன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினி கிரப் பிராம்ப்ட்டில் நின்றுவிட்டது. தாளில் எழுதிவைத்ததைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். “நான் சரியாத்தானே அடிக்கிறேன் தம்பி, அது ஏன் வேற எழுதுது?”

அது பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகை. கிரப் வழக்கமாக அமெரிக்க வரிசையை நினைத்துக்கொண்டு விசைகளைப் படிக்கிறது. தாத்தா திறக்கும் அடைப்புக்குறியைத் தட்டினால் திரையில் 5 விழுந்தது. சுழியத்தைத் தட்டினால் மூடும் அடைப்புக்குறி. காற்புள்ளிக்கு ‘எம்’. ஒன்றுக்கு ஆச்சரியக்குறி. ‘எம்’ எழுத்தைத் தட்டினால் அரைப்புள்ளி. கிரப்பில் அரைப்புள்ளி இரண்டு கட்டளைகளைப் பிரிக்கும் குறி. ‘இன்ஸ்மாட்’ என்ற ஒரே கட்டளை நடுவில் உடைந்து, தெரியாத இரண்டு கட்டளைகளாயிற்று.

இரண்டு வரிசைகளுக்கும் இடையில் இடம் மாறும் எழுத்துகள் ஐந்து: ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம். உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ‘செட்’, ‘ரூட்’, ‘லினக்ஸ்’, ‘இனிட்ஆர்டி’, ‘பூட்’ ஆகிய ஐந்தின் ஆங்கில எழுத்துகளில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு கணினியைக் கையால் எழுப்பத் தேவையான இந்த முக்கியக் கட்டளைகள் ஐந்தும் இரண்டு விசைப்பலகையிலும் ஒரே மாதிரி விழுகின்றன. யாரும் திட்டமிட்டதாக இருக்காது. ‘இன்ஸ்மாட்’டின் ‘எம்’ எழுத்தும், எண்களும், அடைப்புக்குறிகளும்தான் காலை வாரின.

தாத்தாவுக்கு மின்கட்டணத் தாள் ஒன்றின் பின்புறத்தில் எந்த விசைக்கு எது விழும் என்று வரைந்து கொடுத்தேன். கணினி எழுந்தது. தாளை மடித்துக் கண்ணாடிக்கூட்டில் வைத்துக்கொண்டார். இந்த ஊரில் இன்னும் இரண்டு விதமான கைகள் இருக்கின்றன. கட்டளையில் நிறுத்தக்குறி எவ்வளவு குறைவோ, அவ்வளவு பேருக்கு அது எட்டும்.

*

பெயரையே நோய்க்குறியாக வைத்துக்கொண்டது லைலோ என்ற பழைய பூட்லோடர். தொடங்கும்போது ஒவ்வொரு படி முடிந்ததும் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் காட்டும். ‘எல்’ என்ற முதல் எழுத்தோடு நின்றால் முதல் கட்டத்துடன் நின்றுவிட்டது. ‘எல்ஐ’ வரை வந்தால் இரண்டாம் கட்டம் ஏறியது, ஓடவில்லை. நான்கெழுத்தும் வந்தால் எல்லாம் நலம். தொலைபேசியில் “திரையில என்ன தெரியுது?” என்று கேட்டாலே பாதி சிக்கல் பிடிபட்டுவிடும். 2015 முடிவில் அதன் உருவாக்கம் நின்றது. அந்த நான்கெழுத்தைவிடச் சிக்கனமான பிழைச்செய்தியை இதுவரை நான் பார்க்கவில்லை.

*

2011-ல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். லினக்ஸ் என்ற சொல்லையே கேட்டிராத மாணவர்கள் கணினியைத் திறந்ததும் முதலில் பார்த்தது, எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல். கிராமத்து மாணவர் ஒருவர் பூட்லோடரைச் சந்தித்த முதல் இடம் அது. இரண்டு பெயர்களில் எது எதற்கு என்று அந்தப் பட்டியல் ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனை பேர் பயப்படாமல் உள்ளே போயிருப்பார்கள் என்று அடிக்கடி நினைக்கிறேன். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தாரும், இணையத்தில் கணியம் இதழும் அந்த ஒரு வரியைத்தான் ஆண்டுக்கணக்காகத் தமிழில் சொல்லி வருகிறார்கள்.

2021-ல் வந்த கிரப் 2.06, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையைப் பாதுகாப்பு கருதி நிறுத்திவைத்தது. பலருடைய பட்டியலிலிருந்து விண்டோஸ் காணாமல் போயிற்று. திரும்ப வரவைக்க, ‘டிசேபிள் ஓஎஸ் புரோபர்’ என்று முடியும் அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்று வைக்க வேண்டும். தேடாதே என்பதை இல்லை என்று சொன்னால் தேடும். இரண்டு எதிர்மறை. ‘தேடு’ என்று ஒரு பெயர், அதற்கு ஆம் அல்லது இல்லை; அதுதான் நேர்வழி.

*

பிழையான பெயர்களும் வேரூன்றிவிடும். யூ-பூட்டில் சூழல் மாறிகளுக்கு மாற்றுப் பிரதி வைக்கச் சொல்லும் அமைப்பின் பெயரில் ‘ரிடண்டண்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து தவறாக விழுந்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தது. யூனிக்ஸின் ‘கிரியேட்’ அழைப்பில் கடைசி எழுத்து இல்லாமலே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. யூ-பூட்டில் ‘எஸ்பிஎல்’ என்றால் இரண்டாம் நிலை ஏற்றி, ‘டிபிஎல்’ என்றால் மூன்றாம் நிலை ஏற்றி. இன்று ‘டிபிஎல்’ உள்ள பெரும்பாலான போர்டுகளில் மூன்றாவது, இரண்டாவதற்கு முன்பே ஓடுகிறது. எண்ணைப் பெயராக வைத்தால் வரிசை மாறும்போது இந்தக் கதிதான். பெயர் வைத்த நாளிலேயே திருத்திவிட வேண்டும். மறுநாள் அதை நம்பி யாரோ ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்.

*

எங்கள் ஊருக்கு 2006 அக்டோபர் 1 முதல் சட்டப்படி புதுச்சேரி என்று பெயர். பேருந்து நடத்துநர் இன்றும் “பாண்டி, பாண்டி” என்றுதான் கூவுகிறார். கவிதை எழுதுபவர் புதுவை என்கிறார். பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. லால் பகதூர் சாஸ்திரி வீதிக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்று சொல்லலாம். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஊருக்கு வந்து சேர்ந்துவிடுகிறோம்.

யூ-பூட் இந்த வழியில் போனது. ‘என்வ் சேவ்’ வந்த பிறகும் ‘சேவ்என்வ்’ இருக்கிறது. எல்லாக் கோப்பமைப்புக்கும் பொதுவான ‘லோட்’ வந்த பிறகும் ‘ஃபேட்லோட்’ இருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் எழுதி, கடலூரில் ஏதோ ஒரு பெட்டிக்குள் மாட்டி மறந்துவிட்ட போர்டின் ஸ்கிரிப்ட் இன்றும் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். யூ-பூட்டில் கட்டளையின் முதல் சில எழுத்துகள் போதும். அதே எழுத்துகளில் வேறு கட்டளை தொடங்காதவரை புரிந்துகொள்ளும். ‘ரீசெட்’டுக்கு முதல் மூன்றெழுத்து தட்டிப் பழகிவிட்டோம். கையால் தட்டும்போது அது வசதி. ஸ்கிரிப்ட்டில் எழுதினால் ஆபத்து: நாளை அதே எழுத்துகளில் ஒரு புதிய கட்டளை சேர்ந்தால் சுருக்கம் இரண்டுக்கும் பொருந்தி, ஒன்றும் ஓடாமல் நிற்கும். ஆகவே புதுப் பெயர் வைப்பவர் இருக்கும் பெயர்களின் சுருக்கங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*

கட்டளைகளையே தமிழில் வைத்தால் என்ன? வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எழில் என்ற தமிழ் நிரல்மொழி இருக்கிறதே என்றாள். நல்ல கேள்வி. எழில் கர்னலுக்கும் மேலே, எழுத்தை வடிவமைத்துக் காட்டும் நூலகங்களெல்லாம் எழுந்த பிறகு ஓடுவது. பூட்லோடர் அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கிறது. ‘அழி’ என்பது நம் கண்ணுக்கு இரண்டெழுத்து. யூடிஎஃப்-8-ல் மூன்று குறிகள், 9 பைட். ‘கொ’ என்று எழுத ஒரு மெய்யின் இரு பக்கமும் குறி போடத் தெரிந்திருக்க வேண்டும். சில நூறு கிலோபைட்டுக்குள் குடித்தனம் நடத்தும் நிரலுக்கு அது பெரிய சுமை.

கட்டளை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அழிக்கும் முன் வரும் எச்சரிக்கையும், மேசையில் ஒட்டும் அட்டையும், பயிற்சிக் கையேடும் தமிழில் இருக்க வேண்டும். அதற்கு எந்த நூலகமும் தேவையில்லை. எழுதுவதற்கு ஒரு ஆள் போதும்.

*

கடைசியில் ‘கிளீன்’ என்ன ஆயிற்று என்று எழுதிவிடுகிறேன்.

சோதனைப் பதிவுகளையும் அளவுத்திருத்த எண்களையும் ஃபிளாஷில் வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரித்தோம். மூன்று பெயர்களைத் தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தோம். எது என்ன செய்யும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றோம். ‘லாக் இரேஸ்’ என்றதற்கு “பதிவை அழிக்கும்” என்றார். ‘கேலிப் இரேஸ்’ என்றதற்கு “இது வேண்டாம் சார், இதைத் தட்டினா மறுபடி நாள் பூரா அளவெடுக்கணும்” என்றார். மூன்றாவதைப் பார்த்து “இது என்னன்னு தெரியலை” என்றார். மூன்றாவதைக் கிழித்துப் போட்டோம்.

‘கேலிப் இரேஸ்’ இப்போது போர்டின் வரிசை எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைத் தட்டச் சொல்லும். தட்டாமல் அழிக்காது. ‘கிளீன்’ கட்டளையை நீக்கவில்லை. கை பழகிய சொல். அதைத் தட்டினால் எதையும் தொடாமல், மற்ற கட்டளைகளின் பெயர்களை மட்டும் திரையில் காட்டும்.

நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கட்டளைக்குப் பெயர் வைத்ததும் உடனே சேர்த்துவிடாதீர்கள். அதைத் தட்டப்போகிறவரிடம் தாளில் எழுதிக் காட்டி, இது என்ன செய்யும் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அந்தப் பெயரை வையுங்கள்.